குரோட்டன் செடி வளர்ப்பும் நாற்றுப்பண்ணைத் தொழிலும்

மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயினும், ரயில் நிலையமாயினும், வங்கிக் கிளையாயினும், நம் நாட்டின் பொதுக் கட்டடங்கள் பெரும்பாலானவற்றின் வாயிலில் ஒரு வரிசைத் தொட்டிகளைக் காணலாம். அத்தொட்டிகளில் அடிக்கடி இடம்பெறும் செடி குரோட்டன். அதன் மலர்களை யாரும் நாடுவதில்லை, கனியால் பயனில்லை, நறுமணமும் இல்லை. இலையின் நிறம் ஒன்றுக்காகவே மக்கள் அதனை விலை கொடுத்து வாங்குகின்றனர். அந்த நிறம் மங்கிவிடுமாயின் செடிக்குக் கொடுத்த விலை வீணாயிற்று என்றே கொள்ள வேண்டும்.

நான் முன்னர்ப் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் சில டஜன் குரோட்டன் தொட்டிகள் வாங்கப்படும். அவை வெளிச்சம் குறைந்த நடைவழியில் வைக்கப்படும். மழைக்காலம் முடிவதற்குள் பாதி செடிகள் இலை உதிர்த்துக் குச்சிகளாக நிற்கும். எஞ்சியவை பச்சை நிறமாக மாறிவிடும். அடுத்த ஆண்டு மீண்டும் கொள்முதல் நடைபெறும். 'செடிகள் வாங்கிய செலவு' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் ஒரு தொகை எழுதப்பட்டதேயன்றி, செடிகள் ஏன் நிலைக்கவில்லை என்ற வினாவை நான் உட்பட எவரும் எழுப்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஒரு நாற்றுப்பண்ணைத் தொழிலாளரிடம் உரையாடியபோதுதான் விடை கிடைத்தது. செடியில் குறையில்லை; நாங்கள் அதனை வைத்த இடமே தவறு என்பதை அவர் இரண்டே வாக்கியங்களில் விளக்கிவிட்டார். அந்த விளக்கத்தையும், அதன் பின்னுள்ள அறிவியலையும், இச்செடியைச் சார்ந்து வாழும் தொழிலையும் எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பிறப்பிடமும்

பேச்சு வழக்கில் நிறமுள்ள இலைச் செடிகள் யாவற்றையும் 'குரோட்டன்ஸ்' என்று அழைப்பது நம் வழக்கம். தாவரவியலில் குரோட்டன் என்னும் பேரினம் வேறு; நாம் தொட்டியில் வளர்க்கும் செடி வேறு. நேர்வாளம் என்று சித்த மருத்துவத்தில் வழங்கும் கடும் பேதி மருந்து, உண்மையான குரோட்டன் பேரினத்தைச் சேர்ந்தது. நம் அழகுச் செடியின் தாவரவியல் பெயர் கோடியேயம் வேரியகேட்டம் என்பதாகும். இரண்டும் ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் ஆகியவை அடங்கிய ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இச்செடியின் தாயகம் இந்தோனேசியா, மலேசியா முதல் பசிபிக் தீவுகள் வரை பரந்துள்ள வெப்ப மண்டலப் பகுதியாகும். பதினேழாம் நூற்றாண்டில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியாளராக அம்போன் தீவில் வாழ்ந்த ரம்ஃபியஸ், அத்தீவுகளின் தாவரங்களை விரிவாகப் பதிவு செய்தார். அவர் 1702-ல் மறைந்தார். அவருடைய நூல் 1741-ல்தான் அச்சேறத் தொடங்கியது. கோடியேயம் என்ற சொல் அத்தீவுப் பகுதியின் மக்கள் வழக்கிலிருந்து பிறந்ததாகும். 1753-ல் லின்னேயஸ் இச்செடியைக் குரோட்டன் பேரினத்தில் சேர்த்தார். பின்னர் அறிஞர்கள் அதனைப் பிரித்துத் தனிப் பேரினத்தில் வைத்தனர். ஆயினும் பழைய பெயரே உலகெங்கும் மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. நாமும் அவ்வழக்கைப் பின்பற்றி இச்செடியைக் குரோட்டன் என்றே குறிப்பிடுவோம்.

நிறத்தின் கணக்கு

குரோட்டன் இலையில் மூவகை நிறமிகள் உள்ளன. பச்சை நிறம் தருவது பச்சையம். மஞ்சளும் ஆரஞ்சும் தருவன கரோட்டினாய்டுகள். சிவப்பும் ஊதாவும் தருவது ஆந்தோசயனின். இவற்றின் விகிதமே இலையின் தோற்றத்தை முடிவு செய்கிறது. பல வகைகளில் இளம் இலை பச்சையும் மஞ்சளுமாகத் தோன்றி, முதிர முதிரச் சிவப்பாக மாறும். ஒரே செடியின் உச்சியில் மஞ்சளும் அடியில் செம்மையும் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

இங்கு ஒளியின் பங்கு கருதத்தக்கது. செடிக்கு உணவு தயாரிப்பது பச்சையம். ஒளி குறையும்போது, கிடைக்கும் சிறிதளவு ஒளியையும் பயன்படுத்திக்கொள்ளும் பொருட்டுப் புதிய இலைகளில் பச்சையமே மேலோங்குகிறது. ஆந்தோசயனின் உருவாவது குறைகிறது. வருவாய் குறைந்த குடும்பம் முதலில் ஆடம்பரச் செலவை நிறுத்துவது போன்றது இது. நடைவழியில் வைத்த செடி பச்சையாக மாறுவது நோயன்று. பிழைத்திருப்பதற்காக அது செய்துகொள்ளும் சிக்கனம். அதே செடியை வெளிச்சத்திற்கு மாற்றினால், பழைய இலைகள் அப்படியே இருப்பினும், புதிதாகத் தோன்றும் இலைகள் மீண்டும் நிறம் பெறும்.

எனினும் வெயில் எவ்வளவு கூடினாலும் நல்லது என்று கொள்ளலாகாது. வறண்ட வட இந்தியக் கோடையின் நண்பகல் வெயில் இலைகளைக் கருக்கிவிடும். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படும்படியும், நண்பகலில் மெல்லிய நிழல் விழும்படியும் உள்ள இடமே ஏற்றது. கிழக்கு நோக்கிய வாயில்படிகள் இதற்குப் பெரிதும் பொருந்தும்.

தட்பவெப்பமும் மண்ணும்

குரோட்டன் ஈரப்பதமிக்க வெப்பத்தை விரும்பும் செடி. வெப்பநிலை 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இலை உதிரத் தொடங்கும். ஆகவே மேற்கு வங்காளம், ஒடிசா, ஆந்திரம், தமிழ்நாடு, கேரளம், கொங்கணம் ஆகிய கடலோரப் பகுதிகளில் இது திறந்த வெளியிலேயே செழிக்கிறது. டெல்லி, லக்னோ, சண்டிகர் போன்ற நகரங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும். அங்குத் தொட்டிகளைச் சுவரோரம் நகர்த்தி வைப்பதும், நீர் ஊற்றுவதைக் குறைப்பதும், வாடைக்காற்று படாமல் தடுப்பதும் போதுமானவை.

நீர் தேங்காத, சிறிது அமிலத் தன்மையுள்ள மண் இதற்கு உகந்தது. தொட்டிக்குச் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு என்ற கலவை நல்ல பயன் தரும். தொட்டியின் அடித்துளையை ஓட்டுச் சில்லால் மூடி, அதன்மேல் சிறிது சரளை இட்டுக் கலவையை நிரப்ப வேண்டும். நிலத்தில் வேலியாக நடுவதாயின் செடிக்குச் செடி 45 முதல் 60 சென்டிமீட்டர் இடைவெளி விடலாம்.

நீர் ஊற்றுவதற்கு நாள் கணக்கு வைத்துக்கொள்வது பொருத்தமற்றது. விரலால் மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்து, அது உலர்ந்திருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். முற்றிலும் காய்ந்தால் இலை உதிரும். உரமிடுவதிலும் அளவு வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் செடி கொழுத்துப் பச்சையாகும், நிறம் குன்றும். வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை மக்கிய உரம் ஒரு கைப்பிடி இடுதல் தொட்டிச் செடிக்குப் போதுமானது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியை மாற்றி, மண்கலவையைப் புதுப்பித்தல் நலம்.

புதிதாக வாங்கிய செடி முதல் சில வாரங்களில் இலை உதிர்ப்பதுண்டு. பண்ணையின் ஈரக்காற்றிலிருந்து நகரத்தின் வறண்ட காற்றுக்கு வந்ததன் விளைவு இது. செடி செத்துவிட்டது என்று கருதித் தூக்கி எறியாமல், தண்டை நகத்தால் சிறிது கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பசுமை தென்பட்டால் செடி உயிருடன் உள்ளது என்பது பொருள். மிதமான நீரும் வெளிச்சமும் கிடைத்தால் அது மீண்டும் துளிர்க்கும். எங்கள் அலுவலகத்தில் குப்பைக்குச் சென்றவற்றில் பல இவ்வாறு பிழைத்திருக்கக்கூடியவையே.

வகைகள்

இலையின் வடிவத்தைக் கொண்டு இச்செடிகளை அகன்ற இலை, குறுகிய நீண்ட இலை, முறுக்கிய இலை, பிளவுபட்ட இலை எனப் பிரிக்கலாம். சிலவற்றில் இலையின் நடுவே பரப்பு அற்றுப்போய், நடுநரம்பு மட்டும் நூல்போல் நீண்டு, அதன் முனையில் மற்றொரு சிற்றிலை தொங்குவதும் உண்டு. 'பெட்ரா' என்பது நரம்புகள் மஞ்சளும் சிவப்புமாகப் பளிச்சிடும் அகன்ற இலை வகை. 'கோல்ட் டஸ்ட்' பச்சை இலையில் பொன்துகள் தூவியது போன்ற புள்ளிகள் உடையது. 'மாமி' சுருண்டு முறுக்கிய இலைகளைக் கொண்டது.

இத்துணை வகைகள் தோன்றியதற்குக் காரணங்கள் இரண்டு. விதையிலிருந்து முளைக்கும் செடிகள் தாயைப் போல் இருப்பதில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு தோற்றம் கொள்ளும். மேலும், ஒரு செடியின் ஏதேனும் ஒரு கிளை இயல்பாகவே மாறுதல் அடைந்து வேறு நிறத்தில் தழைப்பதுண்டு. கூர்ந்து நோக்கும் பண்ணையாளர் அக்கிளையைப் பிரித்து வளர்த்துப் புதிய வகையாக்குகிறார். இக்காரணத்தாலேயே ஒரு வகையை மாறாமல் பெருக்குவதற்கு விதையை நம்ப இயலாது. கிளையையே வேர்விடச் செய்ய வேண்டும்.

பெருக்கும் முறைகள்

முதல் முறை போத்து நடுதல். கிளை நுனியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள துண்டை வெட்டி, அடியிலைகளை நீக்கி, மூன்று நான்கு இலைகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும். வெட்டுவாயில் பால் வடியும். அதனை நீரில் கழுவியோ கரித்தூள் தொட்டோ நிறுத்தலாம். பின்னர் வேர்வளர்ச்சி ஊக்கித் தூளில் தோய்த்து, ஈர மணலில் நட்டு, பாலிதீன் தாளால் மூடி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். தனி இலையை நட்டாலும் வேர் விடுவதுண்டு. ஆயினும் அதில் மொட்டு இல்லாமையால் செடி எழும்பாது. புதியவர்கள் இதில் ஏமாறாதிருத்தல் வேண்டும்.

இரண்டாவது முறை விண்பதியம். பெரிய செடியை விரைவில் பெறுவதற்கு இதுவே சிறந்தது. மழைக்காலத் தொடக்கத்தில், பென்சில் பருமனுள்ள நலமான கிளையைத் தேர்ந்தெடுத்து, நுனியிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் கீழே இலைகளை நீக்க வேண்டும். அவ்விடத்தில் 2 சென்டிமீட்டர் அகலத்திற்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளிருக்கும் வழுவழுப்பான படலத்தையும் சுரண்டிவிட வேண்டும். இலைகள் தயாரிக்கும் உணவு பட்டையின் வழியே கீழிறங்குவது இதனால் தடைப்பட்டு, வெட்டுக்கு மேலே தேங்குகிறது. நீரோ உள்மரத்தின் வழியே தொடர்ந்து மேலேறுகிறது. கிளை வாடாமலே வேர் விடுவது இவ்வாறுதான். உரித்த இடத்தில் ஊக்கித் தூளைத் தடவி, ஈரமான பாசியையோ பதப்படுத்திய தென்னை நார்க்கழிவையோ ஒரு பிடி வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி இருமுனைகளையும் இறுகக் கட்ட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களில் தாளின் உள்ளே வெண்மையான வேர்கள் தெரியும். அப்போது கட்டுக்குக் கீழே வெட்டி எடுத்துத் தொட்டியில் நட்டு, இரண்டு மூன்று வாரம் நிழலில் வைத்துப் பழக்க வேண்டும்.

பூச்சிகளும் எச்சரிக்கையும்

மாவுப்பூச்சி, செதில் பூச்சி, செஞ்சிலந்தி ஆகியவை இச்செடியைத் தாக்குபவை. வறண்ட காற்றில் செஞ்சிலந்தி பெருகும். இலைகளின் அடிப்புறத்தை வாரம் ஒருமுறை நீரால் கழுவுதல் அதனைத் தடுக்கும். மாவுப்பூச்சி சிறிதளவே இருந்தால் ஈரத்துணியால் துடைத்து எடுக்கலாம். மிகுந்தால் லிட்டர் நீருக்கு 3 முதல் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலை நேரத்தில் தெளிக்கலாம்.

குரோட்டன் நச்சுத்தன்மை உடையது என்பதை மறக்கலாகாது. அதன் பால் தோலில் பட்டால் எரிச்சல் உண்டாகும். துணியில் பட்டால் கறை போகாது. பட்டையையும் வேரையும் மென்றால் வாய் எரியும். விழுங்கினால் வயிற்று உபாதை ஏற்படும். எனவே அங்கன்வாடி, தொடக்கப் பள்ளி ஆகியவற்றில் குழந்தைகள் கைக்கெட்டும் இடத்தில் இதனை வைத்தலாகாது. கவாத்து செய்த கிளைகளை ஆடு மாடுகளின் முன் போடுதலும் தவறு. கிளை வெட்டுவோர் கையுறை அணிவதும், பணி முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவுவதும் இன்றியமையாதவை. நாற்றுப்பண்ணைகளில் நாள் முழுதும் இப்பாலைக் கையாளும் தொழிலாளர்க்குக் கையுறை வழங்குதல் உரிமையாளரின் கடமை.

தொழிலாக வளர்ந்த வரலாறு

அயல்நாட்டு அழகுச் செடிகள் நம் நாட்டில் பரவியதில் கல்கத்தாவுக்குப் பெரும் பங்குண்டு. ஹூக்ளி நதிக்கரையில் சிப்பூரில் 1787-ல் தாவரவியல் தோட்டம் நிறுவப்பட்டது. 2009-ல் அது ஆச்சாரிய ஜகதீஷ் சந்திர போஸின் பெயரைப் பெற்றது. 1820-ல் வில்லியம் கேரி வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். அச்சங்கம் இன்றும் அலிப்பூரில் இயங்குகிறது. இத்தகைய தோட்டங்களில் வளர்ந்த அழகுச் செடிகள் காலப்போக்கில் செல்வர் மாளிகைகளுக்கும், பின்னர் நடுத்தர வீடுகளுக்கும் சென்றன.

இன்று இத்தொழில் கிராமங்களில் வேரூன்றியுள்ளது. ஆந்திரப் பிரதேசத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில், ராஜமகேந்திரவரத்தை அடுத்த கடியம், கடியபுலங்கா பகுதிகளில் நெடுஞ்சாலையின் இருபுறமும் நாற்றுப்பண்ணைகள் அடர்ந்துள்ளன. கோதாவரியின் வண்டல் மண், கால்வாய்ப் பாசனம், ஈரமான காற்று, லாரிப் போக்குவரத்து வசதி ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியமை அங்குத் தொழில் செழிக்கக் காரணமாயிற்று. அங்கிருந்து பல மாநிலங்களுக்கும் செடிகள் செல்கின்றன. கேரளத்தில் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியும் நாற்றுப்பண்ணைகளுக்குப் பெயர்பெற்றது. 1971-ல் நிறுவப்பட்ட கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதன் அருகிலேயே அமைந்துள்ளது. அறிவும் தொழிலும் அடுத்தடுத்து இருப்பதன் பயனை அங்குக் காணலாம்.

பொருளாதார நோக்கில் இத்தொழிலுக்குச் சில சிறப்புகள் உண்டு. நிலம் குறைவாகத் தேவைப்படுகிறது. உழைப்பு மிகுதியாகத் தேவைப்படுகிறது. பை நிரப்புதல், போத்து வெட்டுதல், பதியம் கட்டுதல், நீர் ஊற்றுதல் என ஆண்டு முழுதும் வேலை உண்டு. இப்பணிகளில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ளனர். மூலதனமோ தானே பெருகக்கூடியது. முதிர்ந்த பத்துத் தாய்ச்செடிகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஐந்து கிளைகளில் பதியம் கட்டி, நான்கு வேர்விட்டால், ஓராண்டில் நாற்பது புதிய செடிகள் கிடைக்கும். தாய்ச்செடிகளும் அப்படியே இருக்கும். இது ஏட்டுக் கணக்கே. நீர், ஊக்கித் தூள், கூலி, பிழைக்காத செடிகள் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். விற்பனை ஆகாத இருப்பின் சுமையையும் சேர்க்க வேண்டும். அழகுச் செடி உணவுப் பொருளன்று. குடும்பங்கள் செலவைச் சுருக்கும் காலத்தில் அதன் தேவை முதலில் குறையும். ஆகவே ஒரே வகையை நம்பாமல் பழமரக் கன்றுகள், மலர்ச் செடிகள் ஆகியவற்றுடன் சேர்த்து வளர்ப்பதே பாதுகாப்பானது.

2005-06-ல் தொடங்கப்பட்ட தேசியத் தோட்டக்கலை இயக்கமும், 2014-15 முதல் அதனை உள்ளடக்கிச் செயற்பட்ட ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கமும் நாற்றுப்பண்ணை அமைப்பதற்கான உதவியைத் தம் திட்டங்களுள் ஒன்றாகக் கொண்டவை. பண்ணை தொடங்க விரும்பும் இளைஞர்களும் மகளிர் குழுக்களும் நடைமுறையிலுள்ள விதிகளை மாவட்டத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டறிந்து, அதன் பின்னரே கடன் வாங்குதல் நன்று.

அலுவலகங்கள் செய்யத்தக்கவை

மீண்டும் தொடக்கத்திற்கு வருவோம். குரோட்டன் செடியை மை, காகிதம் போல் ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் பொருளாக நம் அலுவலகங்கள் கருதுகின்றன. முறையாகப் பேணினால் பல்லாண்டுகள் வாழ்ந்து பெருகும் சொத்து அது. இதற்குப் பெருஞ்செலவு ஏதும் வேண்டியதில்லை. மழைக்காலத் தொடக்கத்தில் செடி வாங்குதல். நடைவழிச் செடிகளையும் வாயிற்செடிகளையும் வாரம் ஒருமுறை இடம் மாற்றுதல். இலை உதிர்ந்த செடியைச் சோதித்த பின்னரே நீக்குதல். தோட்டப் பணியாளருக்குப் பதியம் கட்டும் பயிற்சி அளித்தல். வாங்கிய செடிகளையும் எஞ்சிய செடிகளையும் ஒரு பதிவேட்டில் குறித்தல் ஆகிய ஐந்தும் போதும்.

அலுவலகங்கள் வாங்குவதைக் குறைத்தால் நாற்றுப்பண்ணைகளின் வருவாய் குறையாதோ என்று மாணவர்கள் வினவலாம். செத்துப்போகும் செடிக்காக ஆண்டுதோறும் செலவிடும் தொகை எந்தச் செல்வத்தையும் பெருக்குவதில்லை. வாங்கிய செடி நிலைத்தது என்ற அனுபவமே ஒருவரை அடுத்த செடி வாங்கத் தூண்டும். ஒரு செடியை இழந்தவரோ பெரும்பாலும் தமக்குக் கைராசி இல்லை என்று முடிவு கட்டி, மறுபடியும் பண்ணைப் பக்கம் செல்வதில்லை.

என் இல்லத்தின் கிழக்கு வாயிலில் இப்போது நான்கு குரோட்டன் தொட்டிகள் உள்ளன. அவற்றுள் மூன்று, அலுவலகத்தில் கழிக்கப்பட்ட செடி ஒன்றை இசைவு பெற்று எடுத்து வந்து, அதிலிருந்து பதியம் கட்டி வளர்த்தவை. இரண்டு ஆண்டுகள் பச்சையாகவே நின்ற அத்தாய்ச்செடி, காலை வெயில் கிடைத்த ஒரு பருவத்திற்குள் சிவந்து தழைத்தது.